பெரியவர் வீட்டுப் பலகையின் அடி

அன்று காலை ஒன்பது மணிக்குப் பட்டறையில் இருந்தவர்கள் நான்கு பேர். அலைச்சறுக்குப் பலகை இழைக்கும் பெரியவர், அவருடைய தங்கை, பலகை மேல் ரெசின் பிசின் ஊற்றும் தங்கை கணவரான ரெசின்காரர், பெரியவரின் மகள், நெட்டைக் காலுக்காகச் சிறு வயதிலேயே கொக்கு என்று பெயர் வாங்கியவள். பெரியவரின் மனைவி கடற்கரையில் நல்ல இடமாகப் பார்த்து நாற்காலி போட முன்னதாகவே போய்விட்டார். வேறு யாரும் இல்லை. தானும் அங்கே நின்றதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் ஏழெட்டுப் பேர் உண்டு. அவர்கள் அன்று வாசலைக்கூட மிதிக்கவில்லை.

பேச்சு ஒரு பலகையைப் பற்றியது. அலைச்சறுக்குப் போட்டியின் கடைசிச் சுற்று பிற்பகல் மூன்று மணிக்கு. கொக்கு அதில் நின்றாக வேண்டும். முந்தின நாள் சுற்றில் அவள் தேறி வந்ததே தட்டுத் தடுமாறித்தான். மூன்று முறை விழுந்தாள். அதுவும் அலை கவிழ்த்து விழவில்லை. பலகை திரும்ப மறுத்து விழுந்தாள். கரையில் நின்ற ஊரே அதைப் பார்த்தது.

"அப்பா, அது என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது" என்றாள் கொக்கு. ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலால் கெண்டைக்காலைச் சொறிந்துகொண்டிருந்தாள். பதற்றம் வந்தால் அவளுக்கு அப்படித்தான். "தண்ணி மேல தட்டுத் தட்டுன்னு தட்டுது. சாய்ன்னா நேரா ஓடுது. மூணு நாளா காத்து கடல்ல இருந்து அடிக்குது, தண்ணி பூரா மேடும் பள்ளமும். இந்தத் தண்ணிக்குக் குழி ஆகாது. எனக்குக் கூரை வேணும்."

குழி, கூரை என்பவை பட்டறைச் சொற்கள். பலகையைக் குப்புறப் போட்டு அதன் அடியைப் பார்த்தால் நடுப்பகுதி இலேசாகத் தாழ்ந்திருக்கும், அது குழி. உள்ளே வந்த தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு பலகையை மேலே தூக்கிக் கொடுக்கும். கண்ணாடி போன்ற அலையில் அதன் வேகத்துக்கு ஈடில்லை. கூரை இதற்கு நேர்மாறு. நடுவில் ஒரு முகடு, இரு பக்கமும் சரிவு, வீட்டுக் கூரை மாதிரி. தண்ணீர் இரு பக்கமும் வழிந்து போய்விடும் என்பதால் வேகம் ஒரு பிடி குறைவு. ஆனால் கலங்கிய கடலில் அது தட்டாது, குதிக்காது. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சாய்க்க ஒரு விரல் பலம் போதும். வித்தியாசம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே பலகை.

பெரியவர் வீட்டில் குழி மட்டும்தான். அவருடைய தகப்பனார் வகுத்தது அது. எங்கே தொடங்க வேண்டும், முன்காலுக்கு அடியில் எவ்வளவு ஆழம், வாலில் எப்படி மறைய வேண்டும் என்பதெல்லாம் அவர் வகுத்தபடியேதான் நடந்து வந்தது. குழி இல்லாத பலகை இந்த வாசலைத் தாண்டியதில்லை என்று பெரியவர் சொல்வார். நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்.

"நம்ம வீட்டுப் பலகையில கூரை கிடையாது" என்றார் இப்போதும். "உங்க தாத்தா காலத்திலேயும் கிடையாது."

"தாத்தா காலத்துக் காத்து வேறப்பா."

"காத்தடிக்கிற பக்கம் பேச்சை மாத்துறவங்க நாம இல்ல."

"பேச்சை யார் மாத்தச் சொன்னா? பலகையை மாத்தச் சொல்றேன்."

ரெசின்காரர் தூரிகையைத் துடைத்தபடி, "விடுங்க மச்சான், பொண்ணு தலைக்கு மேல ஒரு கூரை கேக்குது, நீங்க குழி தோண்டுறீங்க" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரே கொஞ்சம் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"அண்ணே" என்று ஆரம்பித்தாள் தங்கை.

"நீ சும்மா இரு."

தங்கை சும்மா இருந்தாள். கையிலிருந்த உப்புத்தாளை நான்காக மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

கொக்கு இரண்டு காலையும் தரையில் ஊன்றினாள். "ரெண்டு மணி வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள நீங்க ஒரு வழி சொல்லலைன்னா, கோந்து மாமா கடையில கூரைப் பலகை இருக்கு. வாங்கிட்டுப் போயிடுவேன்."

சொல்லிவிட்டுப் போயே விட்டாள். கதவு இரண்டு முறை அடித்துக்கொண்டு நின்றது.

கோந்து என்பவர் நான்கு தெரு தள்ளிப் பட்டறை வைத்திருப்பவர். இளம் வயதில் இதே பட்டறையில் ஆறு மாதம் வேலை பார்த்து, ஒரு நாள் வாய்த் தகராறில் வெளியேறியவர். உள்ளங்கை பலகையோடு ஒட்டிக்கொண்டு அரை நாள் அவஸ்தைப்பட்டதில் வந்த பெயர் அது. முப்பது ஆண்டுகளாகப் பெரியவர் அந்தக் கடைப் படியை மிதித்ததில்லை. எதிரே வந்தால் இருவரும் தலையசைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். அந்தக் கடைப் பலகையில் பெரியவர் மகள் ஊர் பார்க்க நிற்பதா? அதைவிட அவள் போட்டிக்கே போகாமல் இருக்கலாம். ஆனால் போகாமல் இருந்தால், பெரியவர் பலகையை நம்பி அவர் மகளே கடலில் இறங்கவில்லை என்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடித்தது.

உட்கார முடியவில்லை. இழைப்புளியைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். கழுவிய தேநீர்க் கோப்பையை இன்னொரு முறை கழுவினார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு கடற்கரைக்கு நடந்தார்.

காற்று மாறியிருக்காதா என்ற நப்பாசை. மாறவில்லை. நடுவர் மேடையின் கொடிகள் எல்லாம் ஊரைப் பார்த்து விறைத்து நின்றன. அலைகள் பெரிதாகத்தான் வந்தன, ஆனால் முகமெல்லாம் அம்மைத் தழும்பு. சின்னப் பிள்ளைகளின் சுற்று நடந்துகொண்டிருந்தது. பலகைகள் தட்டும் ஓசை கரை வரை கேட்டது. அவருடைய பலகை ஒன்றும் அதில் இருந்தது. அதுதான் அதிகமாகத் தட்டியது என்று அவருக்குத் தோன்றியது. பிறகு அப்படி இல்லை என்று தோன்றியது. மறுபடியும் காதைக் கூர்மையாக்கிக் கேட்டார்.

"கொஞ்சம் உக்காருங்களேன்" என்றார் மனைவி, நாற்காலியிலிருந்து. "நீங்க நடக்குற நடையில இங்க ஒரு வாய்க்காலே விழுந்துடும் போல."

"காத்து சாயங்காலத்துக்குள்ள விழுந்துடும்."

"யார் சொன்னா?"

பெரியவர் கொடிகளை இன்னொரு முறை பார்த்தார். பத்து நிமிடம்கூட நிற்காமல் திரும்பினார். நேர்வழியில் போனால் பட்டறை. கால் ஏனோ மற்றத் தெருவில் திரும்பியது. மகள் இப்போதே கோந்து கடையில் போய் நிற்கிறாளா என்று தெருமுனையிலிருந்து ஒரு பார்வை பார்த்துக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தார்.

கோந்து கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து பலகையின் அடியில் துடுப்புப் போல மாட்டும் ஃபின் ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நாற்பதடி தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

"வாங்கண்ணே. பாப்பாவைத் தேடியா? இன்னும் வரல."

"நான் யாரையும் தேடல. நடந்து போறேன்."

"நடங்க, நடங்க. நல்லதுதான்." ஃபின்னை ஊதித் தூசியைத் தட்டினார். "நேத்துப் பாப்பா உங்க போர்டு மேல நல்லா தாளம் போட்டுச்சு. ஊரே கேட்டுச்சு."

பெரியவர் முதுகு நிமிர்ந்தது. "எங்க வீட்டுக் குழிக்குக் கண்ணாடித் தண்ணி வேணும். கலங்கின தண்ணிக்குக் கூரை செஞ்சு விக்க நாங்க என்ன..."

"அட, நீங்களே செய்றீங்களேண்ணே!"

"எதை?"

"கூரையை. வெளியில குழின்னு சொல்லிக்குறீங்க, உள்ள கூரை போட்டுத் தர்றீங்க. கலங்கரை விளக்கத்துல வேலை பாத்தாரே, ஒல்லியா, உயரமா, அவர் மாற்றலாகிப் போறப்ப தன் போர்டை என்கிட்ட குடுத்துட்டுப் போனாரு. உங்க கையெழுத்து. வால் பக்கம் அருமையான கூரை. ரெண்டு வருஷமா சுவத்துல மாட்டி வச்சுப் பாத்துட்டு இருக்கேன்."

"பொய்."

"உள்ள வந்து பாருங்க. படி கடிக்காது."

பொய் என்று சொன்ன பிறகு பார்க்காமல் போக முடியாது. பெரியவர் படியேறினார்.

பலகை பின்சுவரில் அடிப்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டியிருந்தது. பலகையின் நடுவே ஓடும் மரச்சட்டத்தின் ஓரமாக, மேலே போர்த்திய கண்ணாடியிழைத் துணிக்கு அடியில், பென்சிலால் அவருடைய கையெழுத்து. அவருடையதேதான். எண்ணும் அவர் போட்டது. அந்த மனிதரின் உயரமும் எடையும்கூட நினைவுக்கு வந்தன.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை வைத்தார். மூக்கிலிருந்து மெதுவாகக் கீழே கொண்டுவந்தார். குழி தொடங்கியது, தகப்பனார் வகுத்த இடத்திலேயே. ஆழமும் சரி. முன்கால் நிற்கும் இடத்தைத் தாண்டியதும் குழியின் இரண்டு கரைகளும் கரையத் தொடங்கின. எங்கே தொடங்கின என்று கைக்குப் பிடிபடவில்லை. மறுபடி மேலே போய் மறுபடி வந்தார். பிடிபடவில்லை. வாலுக்கு ஒரு முழம் இருக்கும்போது குழி சமதளமாகி, சமதளம் முகடாகி, இரு பக்கமும் ஒரே அளவில் சரிந்து போனது. முன்னால் குழி, பின்னால் கூரை. இரண்டுக்கும் நடுவே தையல் தெரியவில்லை.

அவர் செய்தது அல்ல அது. அவரால் அப்படிச் செய்ய முடியுமா என்றும் தெரியவில்லை.

"எப்படிண்ணே செஞ்சீங்க?" கோந்து பக்கத்தில் வந்து நின்றார். குரலில் கிண்டல் இல்லை. "நானும் நாலு செஞ்சு பாத்துட்டேன். குழி முடியுற எடத்துல எனக்கு ஒரு முழி, முட்டு மாதிரி ஒரு மேடு, விழுந்துடுது. தண்ணி அங்க வந்து தயங்குது. உங்களுக்கு மட்டும் எப்படி?"

"வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே வந்தார்.

இந்தப் பட்டறையில் வேலை நடக்கும் விதம் ஒன்று உண்டு. பெரியவர் இழைப்பார். உள்ளங்கையால் பார்ப்பார். திருப்தியானால் பலகையின் உடம்பான ஃபோம் நுரைக்கட்டியின் மேல் பென்சிலால் கையெழுத்துப் போடுவார். அதன் பிறகு அந்தப் பலகையை அவர் தொடமாட்டார், மட்டக்கோல் வைத்துப் பார்க்கவும் மாட்டார். பார்க்கச் சொன்னால், பெற்ற பிள்ளைக்கு எவனாவது ரத்தப் பரிசோதனை செய்வானா என்று கேட்பார். கையெழுத்துக்குப் பிறகு பலகை பக்கத்து அறைக்குப் போகும். அங்கே தங்கை பொடி உப்புத்தாளால் ஒரு முறை தடவிக் கொடுப்பாள். பிறகு அவள் கணவர் துணி போர்த்தி ரெசின் ஊற்றுவார். ஃபோம் அத்தனை மென்மையானது. உப்புத்தாளை மரக்கட்டையில் சுற்றி இருபது முறை ஒரே இடத்தில் இழுத்தால் போதும், மூன்று மில்லிமீட்டர் போய்விடும்.

கையெழுத்துக்கும் ரெசினுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு ஆள். பெரியவர் நான்கு தெருவையும் மூச்சு வாங்க நடந்து முடிப்பதற்குள் கணக்கு முடிந்துவிட்டது.

பட்டறையில் தங்கையும் ரெசின்காரரும் ஆளுக்கொரு பெட்டியின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கலங்கரை விளக்கத்துக்காரர் பலகை" என்றார் பெரியவர் வாசலிலிருந்தே.

தங்கை தட்டைக் கீழே வைத்தாள். எந்தப் பலகை, என்ன விஷயம் என்று கேட்கவில்லை.

"மச்சான், நான் துணி மட்டும்தான் போட்டேன்" என்றார் ரெசின்காரர் அவசரமாக.

"நீங்க சாப்பிடுங்க" என்றாள் தங்கை. பிறகு அண்ணனைப் பார்த்தாள். "ஆமா. நான்தான்."

"யாரைக் கேட்டு?"

"அவரைக் கேட்டு. அவர் கரை கடலுக்குள்ள நீட்டுற முனைக்கு அந்தப் பக்கம்தான் இறங்குவாரு. அங்க வருஷம் பூரா காத்து. வாசல்ல நின்னு என்கிட்ட அரை மணி நேரம் சொன்னாரு. உங்ககிட்ட சொல்லத்தான் வந்தாரு. நீங்க உயரம் கேட்டீங்க, எடை கேட்டீங்க, போயிட்டு வாங்கன்னுட்டீங்க."

"இது ஒண்ணுதானா?"

தங்கை தட்டை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"எத்தனை?"

"மூணுல ஒண்ணு இருக்கும்."

"எத்தனை வருஷமா?"

"பதினொண்ணு."

பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். உடனே கையை எடுத்துவிட்டார்.

"எல்லாத்துக்கும் கூரை போடலண்ணே" என்றாள் அவள். தப்பைச் சொல்கிறவளாக இல்லாமல் வேலையைச் சொல்கிறவளாகக் குரல் மாறியது. "முட்டி வலிக்காரங்களுக்குக் கரையை மட்டும் கொஞ்சம் இறக்கினேன், சாய்க்கச் சுலபமா இருக்கும்னு. கப்பல் சமையல்காரர் நூத்திப்பத்து கிலோ, குழி அவரைத் தாங்கிச்சு, ஆனா திருப்ப விடல. அதைச் சமமாக்கினேன். நல்ல கடல்ல ஓட்டுறவங்க பலகையைத் தொட்டதே இல்ல. அதெல்லாம் நீங்க செஞ்சபடியேதான் போச்சு. அதைவிட நல்லா யாராலயும் செய்ய முடியாது."

பெரியவருக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பதினோரு ஆண்டுகளாக எத்தனை பேர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள்! நான் நினைக்கிறதுக்கு முன்னால உங்க பலகை திரும்புதுங்க. என் உடம்பை அளந்து செஞ்ச மாதிரி இருக்குங்க. அவரும் ஏதோ கடமையைச் செய்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு தலையசைத்திருக்கிறார். அந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்து, இது என்னுடையதா, இது அவளுடையதா என்று பிரிக்கப் பார்த்தார். பிரியவில்லை.

"என் பேரைப் போட்டு வெளியே போன பலகை..." என்றார். 

"உங்க பேரு மட்டுமா? நம்ம வீட்டுப் பேரு. அது கெடக்கூடாதுன்னுதான் செஞ்சேன். பதினோரு வருஷத்துல ஒருத்தராவது திருப்பிக் கொண்டு வந்தாங்களா?"

"ரெண்டு பேர் கொண்டு வந்தாங்க."

தங்கை தரையைப் பார்த்தாள். "அந்த ரெண்டும் நான் கை வைக்காதது."

ரெசின்காரர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

தனக்கே கேட்காத குரலில் பெரியவர் கேட்டார்: "கொக்கு பலகையில மட்டும் ஏன் கை வைக்கல?"

"எங்க விட்டீங்க? மகளுக்குச் செய்றதுன்னு நீங்களே இழைச்சு, நீங்களே உப்புத்தாள் போட்டு, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிட்டீங்க. துணி போடுறப்பகூட இவர் தலைக்கு மேல நின்னீங்க. ரெண்டு தடவை கேட்டேன், நான் ஒரு தடவு தடவட்டுமான்னு. உனக்கு வேற வேலை இல்லையான்னீங்க."

அது உண்மை. பெரியவர் யாரையும் நம்பாமல் தொட்டுத் தொட்டுச் செய்த ஒரே பலகை அதுதான். ஊர் பார்க்கத் தாளம் போட்டதும் அதுதான்.

"இப்ப ஒண்ணும் பண்ண முடியாதா, மாப்பிள்ளை?"

"ரெசின் இறுகின பிறகு என்ன மச்சான் பண்றது? இப்ப உப்புத்தாள் போட்டா துணி அறுந்து தண்ணி குடிக்கும். புதுசா ஒண்ணுன்னா மூணு நாள்."

மணி ஒன்றே கால். பெரியவர் தொப்பியைத் தேடினார். அது தலையிலேயே இருந்தது.

நான்கு தெருவையும் அன்று இரண்டாவது முறையாக நடந்தார். நடக்க நடக்கச் சமாதானங்கள் வந்தன. சுவரில் தொங்குவது நம் வீட்டுப் பலகை. நம் பொருளை நாம் கேட்பதில் குனிவு ஒன்றும் இல்லை. ஆனால் கோந்து கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பலகையைக் கேட்டால் அவன் மறுபடியும் அதைத்தான் கேட்பான். நாற்பது ஆண்டுப் பழக்கம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு வாங்கி வந்துவிடலாம். தங்கை மறுக்கமாட்டாள். பதினோரு ஆண்டுகள் வாய் திறக்காதவள் இனிமேலா திறக்கப்போகிறாள்? பெயர் பெயராகவே இருக்கும். யாருக்கும் தெரியாது. இரண்டாவது தெரு முடியும்வரை அப்படித்தான் சொல்வது என்று இருந்தார். மூன்றாவது தெருவில் அந்த வரியை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார், பாதியிலேயே விட்டுவிட்டார்.

கொக்கு ஏற்கெனவே அங்கே இருந்தாள். கோந்து செய்த மஞ்சள் பலகை ஒன்றை அக்குளில் இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகைக்குத் தடவும் மெழுகு வாங்க வந்த இருவர் ஓரமாக நின்றார்கள். தகப்பனைக் கண்டதும் அவள் முகம் இறுகியது.

"ரெண்டு மணின்னு சொன்னேன். இன்னும் அரை மணி இருக்கு. சும்மா பாக்கத்தான் வந்தேன்."

"அதைக் கீழே வை" என்றார் பெரியவர். பிறகு கோந்துவிடம் திரும்பினார். முதுகு வளையவில்லை. கைகள் மட்டும் தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தன. "அந்தப் பின்சுவத்துப் பலகை இன்னிக்கு ஒரு நாளைக்கு வேணும். மகளுக்கு."

கோந்து எழுந்தார். எதிர்பார்த்திருந்த சிரிப்பு வந்தது, ஆனால் சிறியதாகத்தான் வந்தது. "தாரேண்ணே. தாராளமா எடுத்துட்டுப் போங்க. ஆனா அந்த அடியை எப்படி செஞ்சீங்கன்னு சொல்லிட்டுப் போகணும். தூக்கம் வரலண்ணே எனக்கு."

மெழுகு வாங்க வந்தவர்கள் இன்னும் கிட்டே வந்தார்கள்.

"நான் செய்யல" என்றார் பெரியவர்.

"என்னது?"

"குழி என்னுது. கூரை என் தங்கச்சியுது. நான் கையெழுத்துப் போட்ட பிறகு அவ திருத்தியிருக்கா. பதினோரு வருஷமா திருத்துறா. எனக்கு இன்னிக்கு மத்தியானம்தான் தெரியும்." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் மூச்சு விட்டார். "எப்படின்னு தெரிஞ்சுக்கணும்னா அவகிட்டதான் கேக்கணும். அவ சொல்லுவாளான்னு எனக்குத் தெரியாது."

கோந்து பின்சுவருக்குப் போனார். சுவரிலிருந்து பலகையை இறக்கித் தூசியைத் தன் சட்டைக் கையாலேயே துடைத்தார்.

"நீங்கதான் செஞ்சதா சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனேண்ணே."

"தெரியும்."

கொக்கு மஞ்சள் பலகையைச் சுவரில் சாய்த்தாள். "அத்தையா?" என்றாள். "ஆறு மாசமா தப்பான ஆள்கிட்டப் போய்க் கெஞ்சிட்டு இருந்திருக்கேன் பாரு!"

"வாயை மூடிட்டு எடு. ரெண்டு அங்குலம் நீளம் அதிகம். காலைக் கொஞ்சம் பின்னால வைக்கணும்."

கூரை வாலில் இருக்கிறது, அதனால் கால் பின்னால் போக வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

மூன்று மணிக்குக் காற்று விழவில்லை, இன்னும் கூடியது. பெரியவர் கரையில் நிற்காமல் தண்ணீரோரமாக அங்குமிங்கும் நடந்தார். ரெசின்காரர் தங்கையையும் அழைத்து வந்திருந்தார். அத்தனை பலகைகளைத் திருத்தியவள் அவற்றில் ஒன்று அலையில் ஓடி இதுவரை பார்த்ததில்லை. பலகைகள் கடலுக்குப் போகிற நேரமெல்லாம் அவள் அடுத்த பலகையோடு அறைக்குள் இருப்பாள். கையிடுக்கில் பையை வைத்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி நின்றாள்.

முதல் அலையில் கொக்கு விழுந்தாள். காலைப் பழைய இடத்தில் வைத்துவிட்டாள். பெரியவர் தொப்பியை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டார்.

இரண்டாவது அலையில் எழுந்தபோது அவர் பார்க்கவில்லை, கேட்டார். மற்ற மூன்று பலகைகளும் தட்டிக்கொண்டே வந்தன. நான்காவதிலிருந்து சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தார். அந்தக் கரடுமுரடான அலை முகத்தின் மேல் அவள் இடுப்பு இந்தப் பக்கம் போனது, பலகையும் போனது. அந்தப் பக்கம் வந்தது, பலகையும் வந்தது. இடையில் பேரம் எதுவும் நடக்கவில்லை. முன்னால் குழி அவளைத் தூக்கிக் கொடுத்தது, பின்னால் கூரை அவளைத் திருப்பிவிட்டது. அலை முடியும் வரை வந்துதான் இறங்கினாள்.

"வால்ல இன்னும் கொஞ்சம் கொறைச்சிருக்கலாம்" என்றாள் தங்கை தனக்குள்.

பெரியவர் நடப்பதை நிறுத்தினார். "எவ்வளவு?"

அவள் திடுக்கிட்டுப் பார்த்தாள். கேலியா என்று பார்த்தாள். பிறகு கட்டைவிரல் நகத்தின் ஓரத்தைக் காட்டினாள். "இம்புட்டு. அவ எடைக்கு."

"எந்த எடத்துல இருந்து?"

"பின் ஃபின்னுக்கு ஒரு சாண் முன்னாடி. அண்ணே, அலையைப் பாருங்க, அடுத்தது எடுக்குறா."

கொக்கு அன்று இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வந்தவள் நன்றாகத்தான் ஓட்டினாள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேடையில் ஒலிபெருக்கிக்காரர் பலகை பெரியவர் பட்டறையுடையது என்று அறிவித்தபோது பெரியவர் படியேறிப் போய் அவர் காதில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்தார். ஒலிபெருக்கிக்காரர் திருத்திச் சொன்னார். தங்கை பையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். ரெசின்காரர் தனக்கே பரிசு கிடைத்தது போல நாலு பேரிடம் கை குலுக்கினார்.

அதற்கடுத்த வாரம் பட்டறைக்கு நடுவில் ஒரு சுவர் எழும்பத் தொடங்கியது. அதைப் பார்த்துவிட்டு, அண்ணனும் தங்கையும் மனம் கசந்து பாகம் பிரித்துக்கொண்டார்கள், ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை என்று ஊரில் ஒரு பேச்சு நடக்கிறது. அது தவறு. பட்டறையில் இப்போது இழைப்பவர்கள் இருவர். ஆளுக்கு ஓர் அறை வேண்டியிருந்தது.